புதன்கிழமைக் கோதுகள்

ஜூன் 8, சனி

இங்கே ஜூனில்தான் குளிர்காலம்; காலையில் தோட்டத்துக் குழாய் உறைந்திருந்தது. கேத்திலில் கொதித்த தண்ணீரை ஊற்றித் திறந்தேன். பத்து மணிக்குச் சுடுகளத்தில் இருந்தேன். காற்று இல்லை, வெளிச்சம் நல்லது, குறை சொல்ல எதுவும் இல்லாத நாள். ஆனாலும் முந்நூறு மீற்றர் தூரத்து இலக்குக் கடதாசியில் ஓட்டைகள் சிதறிக் கிடந்தன. பக்கவாட்டில் அல்ல, மேலும் கீழுமாக. அப்படியென்றால் பிழை என் கையில் இல்லை, துவக்குக்குள் போடும் ரவையில்.

ரவையின் வேகத்தை அளக்கும் வேகமானியும் அதையே சொன்னது. பித்தளைக் கோதுக்குள் ஒரே வெடிமருந்து, முனையில் ஒரே சன்னம், நிறுத்துப் போட்டதும் நான் ஒருத்திதான். ஆனால் சில ரவைகள் மற்றவற்றைவிட மெதுவாகப் போகின்றன. சிலவற்றுக்கு, ரவையை உள்ளே அடைக்கும் துவக்கின் பூட்டு இறுக்கமாக மூடியது. போன வருடம் இப்படி இருக்கவில்லை.

பின்னேரம் அடுப்புக்கு விறகு கொத்தினேன்.

ஜூன் 9, ஞாயிறு

கராஜில் முழு நாளும். தராசைச் சோதித்தேன், சரி. வெடிமருந்துப் போத்தல் சரியாக மூடியிருந்தது. கோதின் அடியில் தீப்பொறி தரும் பிரைமர் பழைய பெட்டியிலிருந்துதான். சந்தேகப்பட எதுவும் இல்லாததுதான் சந்தேகமாக இருக்கிறது.

சுட்ட கோதில் திரும்ப ரவை செய்யும் இந்த வேலையை நானும் அத்தானும் சேர்ந்து செய்துவந்தோம். அக்காவின் கணவர் தயாபரன். ஆர்மிடேலுக்கு நான் தனியாக வந்து சேர்ந்த புதிதில், சனிக்கிழமை வீட்டில் இருந்து என்ன செய்யப் போகிறாய் என்று சுடுகளத்துக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். பிறகு இருவரும் ஒரே கொல்லரிடம் ஒரே அளவில் துவக்குக் குழல் போடுவித்தோம். அதனால் கோதுகளையும் பிரித்து வைப்பதில்லை. அவர் சுட்டதும் நான் சுட்டதும் ஒரே வாளிக்குள் போகும். கழுவி, சன்னத்தைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் ஒடுக்கி, மருந்து போட்டு, திரும்பப் பாதி பாதி.

ஏப்ரலுக்குப் பிறகு அவர் கராஜுக்கு வருவதில்லை. நான் ரவை செய்து அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். வெறுங்கோதுகள் ஐஸ்கிறீம் பெட்டியில் அக்காவிடமே திரும்பி வருகின்றன.

லொறி ஓட்டும் வேலைக்குப் போகாததால் இப்போது அவர் புதன்கிழமைச் சுடுதலுக்குப் போகிறாராம். புதனில் எனக்கு வேலை. அது அவருக்குத் தெரியும்.

ஜூன் 13, வியாழன்

பல்வைத்தியர் டொக்டர் மோரிஸ், நான் செய்து கொடுத்த மேல் கடைவாய்ச் செயற்கைப் பல் ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தார். நிறம் ஒரு படி மஞ்சளாம். அவருடைய சிகிச்சை அறையின் வெளிச்சம்தான் மஞ்சள். திரும்பச் செய்து கொடுத்தேன்.

அக்கா வேலைக்குப் போகும் வழியில், நான் பல் செய்யும் பல்லுக்கூடத்துக்கு வந்தாள். முதியோர் இல்லத்துச் சட்டை, கையில் ஐஸ்கிறீம் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை தனக்கு நீண்ட வேலை, அவரை என்னிடம் விட்டுப்போகலாமா என்று கேட்டாள்.

“அவர் என்ன சின்னப்பிள்ளையே அக்கா, விட்டிட்டுப் போக?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். உள்ளே மருந்துக் கடையே இருந்தது. வீட்டிலுள்ள பனடோல் மாத்திரை முழுவதையும் ஏன் காவித் திரிகிறாள் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் போய்விட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

அத்தான் வந்தார். கராஜ் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தேன், நின்றபடியே குடித்தார். வேக வித்தியாசத்தைப் பற்றிச் சொன்னேன். முன்பென்றால் உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கியிருப்பார். இன்று, குளிராக இருக்கும் என்று மட்டும் சொன்னார். குளிரென்றால் எல்லா ரவைகளும் ஒன்றாகப் பிந்தும்; சிலது மட்டும் பிந்தாது. அது அவர் எனக்குச் சொல்லித் தந்தது.

சுவர் ஆணியில் என் துவக்குப் பெட்டிப் பூட்டின் திறப்புத் தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திறப்பை இப்பிடி ஆணியில கொழுவி வைக்காதையும். உம்மோட வைச்சிரும்.”

“இஞ்ச ஆர் வரப்போகினம்?”

“ஆராவது வரலாம்.”

அரை மணித்தியாலத்தில் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவர் அக்கா வேலை முடிந்து வரும்வரை வரவில்லை. பொலிஸ்காரர் வந்து பரிசோதித்தபோதுகூட என்னிடம் குறை சொன்னதில்லை. இவர் பாதுகாப்புச் சொல்லித் தருகிறார். திறப்பைக் கழற்றவில்லை.

ஜூன் 22, சனி

மழை. சுடுதல் இல்லை.

ஜூன் 29, சனி

கோதுகளின் கழுத்தைச் சூடாக்கி இளக்கிப் பார்த்தேன். பலமுறை வெடித்த பித்தளை இறுகிவிடும். சன்னத்தை ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் பிடித்தால் வேகம் மாறும். நல்ல ஊகம். இன்று சுட்டதில் பலன் இல்லை. எண்கள் இரண்டு கூட்டமாக நிற்கின்றன. நடுவில் யாரும் இல்லை. ஒரு பிழையென்றால் எண்கள் பரவிக் கிடக்கும். இப்படிப் பிரிந்து நின்றால் இரண்டு வகை ரவைகள் இருக்கின்றன என்று அர்த்தம்.

பூட்டு இறுகியவையெல்லாம் பிந்தும் கூட்டத்தில். அவற்றின் கோதுகளைத் தனியே எடுத்து வந்தேன்.

ஜூலை 1, திங்கள்

அக்கா தொலைபேசியில். சனி முழுவதும் வீட்டுக் கூரைக்குள் ஏறித் துப்புரவாக்கினாளாம். போன கிழமை பின்வளவுக் கொட்டில். கூரைக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன்.

“அவரின்ர சாமான் ஏதும் உன்னட்டை கிடக்கோ, வதனி?”

“என்ன சாமான்?”

“ஏதும்.”

கோதை ஒடுக்கும் டை இரண்டும் ஒரு சுத்தியலும் இருப்பதாகச் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 6, சனி

அளந்தேன். எழுதிவைக்க வேண்டியது இது:

ரவை துவக்கின் அறைக்குள் போய் நிற்கும்போது அதன் அடிக்கும் பூட்டுக்கும் இடையில் மிச்சம் இருக்கும் வெளியை ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். வெடித்ததும் பித்தளை விரிந்து அறையின் சுவரைத் தொட்டு, அந்த அறையின் அச்சாகவே வெளியே வரும். பல்லுக்கு அச்செடுப்பது போலத்தான். கோதின் அடியிலிருந்து, கழுத்துக்குக் கீழே சரியும் தோள்வரை அளந்தால் எந்த அறைக்குள் இருந்து வந்தது என்று சொல்லலாம்.

என் கோதுகள் எல்லாம் ஒரே அளவு. தனியே எடுத்தவை அதைவிட நீளம். தலைமயிர் இரண்டு மூன்று பருமன் இருக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை, துவக்குக்குப் பெரிய விடயம். அதனால்தான் என் அறைக்குள் இறுகுகின்றன. உள்ளே கொள்ளளவும் கூடுவதால் அழுத்தம் குறைந்து வேகம் பிந்துகிறது.

அக்கா கடைசியாகக் கொண்டுவந்த பெட்டியை இன்னும் வாளியில் கொட்டவில்லை. அதையும் அளந்தேன். எல்லாமே நீளம்.

ஆக, அத்தானின் துவக்கு தேய்கிறது. பூட்டைப் பிடித்து நிறுத்தும் காதுகள் தேய்ந்து பின்வாங்கினால் இப்படி வரும். கோது ஒன்றின் அடிப்பக்கத்தைச் சுற்றி மினுங்கும் வளையம். கடதாசிக் கிளிப்பின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் தடவினேன். பள்ளம் தட்டுப்பட்டது. அடுத்த தடவை அந்த இடத்தில் அறுந்திருக்கும். சூடான வாயு முகத்துக்குத்தான் வரும்.

உடனே தொலைபேசி எடுத்தேன். அத்தான் குளிக்கிறார் என்றாள் அக்கா. புதன்கிழமை சுட வேண்டாம், துவக்கை என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள், நான் பார்க்கவேண்டும் என்றேன்.

“துவக்கையோ?” என்றாள். பிறகு, “நான் எப்பிடிக் கேக்கிறது?” என்றாள்.

இதில் கேட்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

அத்தானிடமிருந்து குறுஞ்செய்தி. துவக்கு நல்லாய் இருக்கு, யோசிக்க வேண்டாம்.

ஜூலை 9, செவ்வாய்

வேலைக்கிடையில் இரண்டு கோதுகளைப் பல்லுக்கூடத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். பிரைமரில் துவக்கின் ஊசி குத்திய தடம். மார்ச் மாதப் போட்டியில் அத்தான் சுட்ட கோது ஒன்று, நான் நினைவாக வைத்திருந்த பெட்டியில் கிடந்தது. அதில் குத்து நடுவில், வட்டமாக. புதிய கோதில் குத்து ஓரத்துக்கு விலகி, தட்டையாக.

தேய்ந்த துவக்கு அறையை நீட்டலாம். ஊசியை மாற்றாது. இது வேறு துவக்கு.

அத்தான் தன்னுடையதை விற்றிருக்கிறார். அல்லது இன்னொன்று வாங்கி எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார். லொறிச் சம்பளம் இல்லாததால் விற்றிருக்கலாம். கேட்டிருந்தால் நான் உதவியிருப்பேன். எட்டு வருடம் ஒரே மேசையில் வேலை செய்த ஆள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபமில்லை. எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

நாளைக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

ஜூலை 10, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

சுடுகளத்துக்கு நான் போனபோது அவர்கள் தொடங்கிவிட்டார்கள். புதன்கிழமைக்காரர் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். பில் மேற்பார்வை. பில்லுக்கு ஊருக்குள் துவக்குக் கடை இருக்கிறது. கழகத்துத் துவக்குகளும் அவர் பொறுப்பில்தான். நான் காரை விட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தானின் முறை வந்ததும் பில் தட்டிலிருந்து கழகத்தின் பழைய துவக்கொன்றை எடுத்துக் கொடுத்தார். அத்தான் படுத்துச் சுட்டார். சுட்டு முடித்து, பூட்டைத் திறந்து காட்டி, துவக்கைப் பில்லின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பில் அதை உடனே தட்டில் வைத்துப் பூட்டினார். மற்றவர்களுடைய துவக்குகள் அவரவர் பக்கத்திலேயே கிடந்தன.

பழைய துவக்கு, நீண்ட அறை. கோதின் கதை முடிந்தது. துவக்கில் பழுதில்லை, என் ரவைதான் அதற்குப் பொருந்தவில்லை.

அத்தான் என் காரைக் கண்டுவிட்டு வந்தார். பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே இருந்தார். நான் கோதொன்றை அவர் கையில் வைத்தேன்.

“இது உங்கட துவக்கில வெடிச்சதில்லை.”

“ஓம்.”

“வித்துப்போட்டியளோ?”

“இல்லை. பில்லின்ர கடையில கிடக்கு. வைச்சிருக்கச் சொல்லிக் குடுத்தனான்.”

ஏன் என்று கேட்டேன். வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருந்தது என்றார். எனக்குக் கள்ளர்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் வீதியில் அப்படியொன்றும் நடந்ததில்லை.

“ஆருக்குப் பயம்?”

“எனக்கு.” கோதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னில.”

ஏப்ரலில் நடந்ததை நான் இங்கே எழுதியிருக்கவில்லை. எங்கள் யாருக்கும் அதைப் பற்றிக் கதைக்கும் பழக்கமில்லை. நெடுஞ்சாலையில், உறைபனி விழுந்த விடியற்காலை, எதிரே வந்த சின்னக் கார் வழுக்கி இவருடைய லொறியின் முன்னால் வந்தது. அதை ஓட்டி வந்து செத்துப்போன பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. இவர் மேல் எந்தப் பிழையும் இல்லை என்று பொலிஸ் எழுதியது. கொம்பனியும் சொன்னது. நாங்களும் சொன்னோம். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு அவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

இன்று சொன்னார். மே மாதம் ஒரு நாள், அக்கா வேலைக்குப் போன பிறகு, துடைத்து எண்ணெய் போடத் துவக்கை எடுத்தாராம். துடைத்து முடிந்தும் திரும்ப வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு இருந்தாராம். தபால்காரன் வந்து பெட்டி மூடியைத் தட்டிய சத்தத்தில் எழும்பி, துவக்கைக் காரில் போட்டுக்கொண்டு நேரே பில்லின் கடைக்குப் போனார். பில் காரணம் கேட்கவில்லை. ரசீது எழுதிவிட்டு, புதன்கிழமைகளில் வா, நான் நிற்பேன், என் துவக்கால் சுடு, முடிந்ததும் என்னிடம் தா என்றாராம். இரவில் நித்திரையே வருவதில்லை, ஒரு கிழமையில் அந்த இரண்டு மணித்தியாலம்தான் தன் தலைக்குள் சத்தமில்லாத நேரம் என்றார்.

“அப்ப கராஜுக்கு வந்திருக்கலாமே? நான் நிண்டனான்தானே?”

“அங்க உம்மட துவக்கு நிக்குது, வதனி. திறப்பு ஆணியில தொங்குது.”

கண்ணாடியில் மூச்சுப் படிந்திருந்தது. துணியால் துடைத்தேன்.

அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். அவளுக்கு ஏற்கெனவே போதுமான கவலை இருக்கிறதாம். இன்றைக்கே சொல்லவேண்டும், நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். ஒரு கிழமை தரச் சொன்னார். தரவில்லை. அவர் தன் காரில் முன்னால் ஓட, நான் என் காரில் பின்னால் போனேன்.

அக்கா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் வாசலில் நின்று, துவக்கு வீட்டில் இல்லை, பில்லிடம் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. அக்கா ஏன் என்று கேட்கவும் இல்லை. கத்தியை வைத்தாள். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

“பில்லிட்டையோ?” என்றாள். “நான் வீடெல்லாம் தேடினனான்.”

அத்தானின் துவக்குப் பெட்டி பூட்டாமல் கிடந்ததை அவள் மே மாதமே கண்டிருக்கிறாள். உள்ளே துவக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு புதனும் வெடித்த கோதுகள் வீட்டுக்கு வருகின்றன. ஆகவே துவக்கு எங்கேயோ இருக்கிறது, அவருக்கு மட்டும் தெரிந்த இடத்தில். கூரைக்குள், கொட்டிலுக்குள், வீட்டின் அடித்தளத்துக்குள் ரோச் லைட்டோடு ஊர்ந்து தேடியிருக்கிறாள். கேட்டால் அந்த நினைப்பை அவருக்குள் தானே போட்டதாகிவிடும் என்று கேட்கவில்லை. அந்தக் கோதுப் பெட்டியைக் கொண்டுவந்து என்னிடம் தந்தது அவள்தான், ஒவ்வொரு முறையும்.

அத்தான் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். நான் வெங்காயத்தை எடுத்து மிச்சத்தை வெட்டினேன்.

ஜூலை 11, வியாழன்

டொக்டர் மோரிஸின் இரண்டு பற்களுக்கும் மெருகு போட்டேன். ஒன்றின் விளிம்பு உடைந்துவிட்டது. இப்படி எனக்கு நடப்பதில்லை. திரும்பச் செய்யவேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

மூவரும் மருத்துவரிடம் போனோம். அத்தான் மட்டும் உள்ளே. நானும் அக்காவும் வெளியே பழைய சஞ்சிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். வெகுநேரம் எடுத்தது. வெளியே வந்து, ஒரு மருந்தும், ரம்வேர்த் நகரத்தில் மனநல ஆலோசகரான ஒரு பெண்ணிடம் கதைக்க ஒரு துண்டும் தந்திருப்பதாகச் சொன்னார். மருந்தை அக்கா வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். அத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 13, சனி

என் துவக்கைப் பில்லின் கடையில் ஒப்படைத்தேன். அவர் ரசீது எழுதினார். உனக்கும் ஏதாவதா என்று முகத்தைப் பார்த்துக் கேட்டார். எனக்கு ஒன்றுமில்லை, கராஜில் இடம் தேவை என்றேன். தலையை ஆட்டினார்.

பிறகு அத்தானுக்கு எழுதினேன்: என் துவக்கும் பில்லிடம். கராஜில் இப்போது பித்தளையும் தராசும்தான். வெடிமருந்தும் பிரைமரும் அலுமாரியில், அதன் திறப்பு என் கழுத்தில்.

பதில் வரவில்லை.

ஜூலை 20, சனி

கோதுகளைப் பிரித்தேன். கழகத் துவக்குக்கு ஒரு வாளி, எங்களுடையவற்றுக்கு ஒன்று. வளையம் விழுந்தவற்றைச் சுத்தியலால் நசுக்கி எறிந்தேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில் அப்படிப் பல இருந்தன. புதன்கிழமைக்கான கோதுகளை இனி அந்தத் துவக்கின் அளவுக்கே ஒடுக்கவேண்டும். அவர் முகத்துக்கு இரண்டு மாதம் நான் என்ன செய்து அனுப்பினேன் என்று யோசிக்காமல் இருக்க முயன்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ரம்வேர்த் பெண்ணிடம் இரண்டாவது முறை. அக்கா ஓட்டினாள். திரும்பும்போது, விபத்து நடந்த அந்த வளைவைக் கடக்கவேண்டும். சுற்றுப்பாதையால் போகவா என்று அக்கா கேட்டாளாம். நேரே போ என்றாராம். வளைவுக்கப்பால் நிறுத்தச் சொல்லி, இறங்கி வாந்தி எடுத்தாராம். அக்கா தொலைபேசியில் சொன்னது. அதோடு, இரவு சோறு சாப்பிட்டார் என்பதையும் சொன்னாள்.

ஆகஸ்ட் 3, சனி

பில்லின் கடையில் என் துவக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சுட்டேன், திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்த கோதுகள். எண்கள் ஒரே கூட்டமாக நிற்கின்றன. மேலும் கீழும் சிதறவில்லை. விடை சரி.

சந்தோஷமாக இருக்கவேண்டும். வீட்டுக்கு வந்து விறகு கொத்தினேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மத்தியானம் கழுவிய கோதுகளைப் பரப்பிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நின்றது. அத்தான். கொஞ்ச நேரம் காருக்குள்ளேயே இருந்தார். நான் போய்க் கூப்பிடவில்லை. பிறகு இறங்கி, வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். என் துவக்குப் பெட்டியின் கதவு அகலத் திறந்து, வெறுமையாகக் கிடந்தது. அதை ஒரு முறை பார்த்தார்.

என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். கோதுகளின் கழுத்துகளைத் துடைக்கச் சொன்னேன். கதிரையை ஹீற்றருக்குக் கிட்ட இழுத்துப்போட்டு, துணியையும் ஒரு தட்டுக் கோதுகளையும் மடியில் வைத்துக்கொண்டார். பழைய துவக்கின் அறை எவ்வளவு நீளம் என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவுக்கோ என்றார். டையை எவ்வளவு இறக்கலாம் என்று இருவரும் கதைத்தோம். நான் சொன்ன அளவு கூடுதல், பித்தளை அலுத்துவிடும் என்றார். அவர் சொன்னது சரி. திருகைத் தளர்த்தினேன்.

நான் நிறுக்கத் தொடங்கியதும் கதை நின்றது. நிறுக்கும்போது நான் கதைப்பதில்லை, அவருக்குத் தெரியும். ஒரு தட்டு முடித்துத் திரும்பினால், துணி கையில் இருக்க, தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குறட்டை.

கோதுகளை மெருகேற்றும் உருளை கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். சத்தம் நின்றதும் விழித்துவிடுவாரோ என்று பார்த்தேன். விழிக்கவில்லை. மடியிலிருந்த தட்டை மெதுவாக எடுத்து மேசையில் வைத்தேன்.

அக்கா தொலைபேசி எடுத்தாள். குரல் அவசரமாக இருந்தது.

“அவர் அங்கயோ? போனை எடுக்கிறாரில்லை.”

“இஞ்சதான். நித்திரை கொள்ளுறார்.”

“நித்திரையோ?”

“ஓம். கதிரையில. குறட்டையும் விடுறார்.”

தொலைபேசியை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

“எழுப்பாதை,” என்றாள்.